பயப்படத் தெரியாத தீவுகள்: கலாபகோஸில் எட்டு நாள்

(எபிசோட்டின் தொகுக்கப்பட்ட எழுத்து வடிவம். பேச்சு நடையைக் கூடியவரை அப்படியே விட்டிருக்கிறோம்.)

 

இன்னைக்கு நாம பேசப்போறது கலாபகோஸ் தீவுகளைப் பத்தி. டார்வின் போன இடம், ராட்சத ஆமைகள் இருக்கிற இடம்னு பள்ளிக்கூடத்துல படிச்சிருப்போம். தென் அமெரிக்காவுல ஈக்வடார் நாட்டுக்குச் சொந்தமான தீவுக்கூட்டம் அது. கரையிலிருந்து மேற்கே ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர் தள்ளி, பசிபிக் கடலுக்குள்ள இருக்கு. போன வருஷம் ஜூன் மாசம் அங்கே ஒரு சின்னக் கப்பல்ல எட்டு நாள் இருந்தேன். பயணிகள் 16 பேர், ஒரு வழிகாட்டி, அப்புறம் கப்பல் ஊழியர்கள். அவ்வளவுதான்.

திரும்பி வந்ததும் நண்பர் ஒருத்தர் கேட்டார்: "அங்க புலி இல்ல, யானை இல்ல. இவ்வளவு செலவு பண்ணிப் போய் ஓணானையும் பறவையையுமா பார்த்துட்டு வந்தே?" நியாயமான கேள்விதான். அங்கே இயல்பாவே இருக்கிற தரைவாழ் பாலூட்டின்னு பார்த்தா சில எலி இனங்களும் வௌவாலும்தான். ஆனா அங்கே நம்மை அசத்தறது அந்த உயிர்கள் நம்மகிட்ட நடந்துக்கற விதம்.

நம்ம ஊர் காக்காவை எடுத்துக்கோங்க. கையில கல் இருக்கணும்னுகூட இல்ல, சும்மா குனிஞ்சாலே பறந்துடும். தெருநாயும் அப்படித்தான். மனுஷன் குனிஞ்சா அடுத்து என்ன வரும்னு அதுங்களுக்குத் தெரியும். கலாபகோஸ்ல அது தெரியாது. பாதை நடுவுல ஒரு பறவை உட்கார்ந்திருக்கும். நாம கிட்ட போவோம். அது நம்ம முகத்தைப் பார்க்கும். அப்புறம் இறகு கோதிக்கிட்டு உட்கார்ந்திருக்கும். நாமதான் சுத்திப் போகணும்.

இந்தப் பயமின்மை எப்படி வந்தது, அதுக்காக அந்த உயிர்கள் என்ன விலை கொடுத்துச்சு, இப்போ அதை எப்படிக் காப்பாத்தறாங்க, இந்த மூணையும் எங்க கப்பல் போன வழியிலேயே பார்த்துக்கிட்டுப் போகலாம்.

எரிமலையில பிறந்த ஊர்

முதல்ல தீவுகள் எப்படி வந்ததுன்னு சுருக்கமா. ஒரு மெழுகுவத்தி மேல ஒரு தாளை மெதுவா நகர்த்தினா என்ன ஆகும்? வரிசையா கருகல் விழும். அதே மாதிரி பூமிக்குள்ள ஒரு சூடான இடம் இருக்கு. அதுக்கு மேல நாஸ்கா தட்டுன்னு சொல்ற நிலத்தட்டு வருஷத்துக்குச் சில சென்டிமீட்டர் கிழக்கு நோக்கி நகருது. சூடான இடம் அப்படியே இருக்க, மேல எரிமலை எரிமலையா முளைச்சு, ஒவ்வொண்ணும் கிழக்கே தள்ளிப் போய்க்கிட்டே இருக்கு.

அதனால கிழக்குல இருக்கிற சான் கிறிஸ்டோபல், எஸ்பான்யோலா மாதிரித் தீவுகளுக்கு வயசு 30 லட்சம் வருஷத்துக்கும் மேல. மேற்குல இருக்கிற ஃபெர்னாண்டினாவும் இசபெலாவும் 10 லட்சம்கூடத் தொடாத குழந்தைங்க. அந்தக் குழந்தைங்க இன்னும் அழுதுக்கிட்டுத்தான் இருக்கு. இசபெலாவுல இருக்கிற வுல்ஃப் எரிமலை 2022 ஜனவரியில வெடிச்சது. ஃபெர்னாண்டினா 2024 மார்ச்சுல வெடிச்சது. இசபெலாவே ஆறு எரிமலைகள் ஒண்ணோட ஒண்ணு ஒட்டி உருவான தீவுதான்.

இதுல நமக்கு முக்கியமான விஷயம் ஒண்ணு இருக்கு. இந்தத் தீவுகள் எந்தக் காலத்துலயும் எந்தக் கண்டத்தோடும் ஒட்டி இருந்ததில்ல. அங்கே இருக்கிற ஒவ்வொரு உயிரோட முன்னோரும் பறந்து வந்திருக்கணும், நீந்தி வந்திருக்கணும், இல்லேன்னா மரம் மட்டையோட மிதந்து வந்திருக்கணும். நல்ல தண்ணி இல்லாம பல நாள் கடல்ல மிதக்க ஊர்வன இனத்தால முடியும். புலி, சிறுத்தை, நரியால முடியாது. அதனால நாலு கால்ல வேட்டையாடற பெரிய மிருகம் எதுவுமே அங்க வந்து சேரல. வானத்துல பருந்து உண்டு, ஆந்தை உண்டு, கடல்ல சுறா உண்டு. தரையில நடந்து வந்து பிடிச்சுத் தின்ற எதிரி இல்ல. மனுஷன் வந்ததும் ரொம்பத் தாமதம். பனாமாவின் பிஷப் தோமாஸ் தெ பெர்லாங்காவோட கப்பல் காத்தில்லாம நீரோட்டத்துல இழுபட்டு, வழிதவறி அங்க ஒதுங்கினது 1535-ல். அங்கே மனுஷன் கால் வெச்சதுக்கு நம்மகிட்ட இருக்கிற முதல் எழுத்துப் பதிவு அதுதான்.

கப்பல் ஏன் சின்னதா இருக்கணும்?

இப்போ கப்பலுக்கு வருவோம். தீவுக்கு விமானம் ஏறுறதுக்கு முன்னாடியே, கீட்டோவுலயோ குவாயகில்லயோ உங்க பையைத் திறந்து சோதிப்பாங்க. பழம், விதை, செடி எதுவும் போகக்கூடாது. ஷூ அடியில ஒட்டின மண்ணுகூடப் பிரச்சினைதான். பால்ட்ராங்கிற சின்னத் தீவுல இறங்கி, பூங்காக் கட்டணம் கட்டி, ரப்பர் படகுல ஏறிக் கப்பலுக்குப் போறோம். அந்தப் படகை அங்க "பாங்கா"ன்னு சொல்றாங்க. அடுத்த எட்டு நாளும் நமக்கு ஆட்டோ, டாக்ஸி எல்லாம் அதுதான்.

தீவுகளோட மொத்த நிலப்பரப்புல 97 சதவீதம் தேசியப் பூங்கா. 1959-ல் அறிவிச்சாங்க. மிச்சம் இருக்கிற 3 சதவீதத்துலதான் ஊரும் விவசாயமும். ஏறக்குறைய 30,000 பேர் அங்க வாழறாங்க. பூங்காவுக்குள்ள போறதுக்கு விதிமுறை கண்டிப்பு. பூங்கா உரிமம் வாங்கின வழிகாட்டி கூட வரணும். ஒரு வழிகாட்டிக்கு 16 பேருக்கு மேல கூடாது. கறுப்பு வெள்ளைக் குச்சி நட்ட பாதையை விட்டு ஒரு அடி வெளியே வைக்கக்கூடாது. மிருகங்கள்கிட்ட இருந்து 2 மீட்டர் தள்ளி நிக்கணும். ஃப்ளாஷ் கூடாது. சாயங்காலம் ஆறு மணிக்குள்ள தீவைக் காலி பண்ணிடணும். பயணிகள் கப்பல் எவ்வளவு பெருசா இருந்தாலும் 100 பேருக்கு மேல ஏத்த முடியாது. ஆயிரக்கணக்குல ஆட்களை ஏத்திக்கிட்டு நீச்சல் குளம், சினிமா அரங்கத்தோட வர்ற சொகுசுக் கப்பலுக்கு இங்க வேலையே இல்ல.

இன்னொரு விதி எனக்கு ரொம்பப் பிடிச்சது. ஒரு கப்பல் ஒரு இடத்துல பயணிகளை இறக்கினா, அடுத்த 14 நாளைக்கு அதே இடத்துக்கு மறுபடி வரக்கூடாது. அதனால கப்பல்கள் வழித்தடத்தை ரெண்டு வாரச் சுத்தாப் போட்டு, அதைப் பாதி பாதியா பிரிச்சு விக்கறாங்க. எட்டு நாள் வாங்கினா பாதித் தீவுதான் கிடைக்கும். நாங்க எடுத்தது வடக்கு, மேற்குப் பாதி. எஸ்பான்யோலா தீவு எங்களுக்கு இல்ல. உலகத்துல இருக்கிற கலாபகோஸ் அல்பட்ராஸ் பறவைங்க அனேகமா எல்லாமே கூடு கட்டற தீவு அது. ஏப்ரல்லருந்து டிசம்பர் வரைக்கும் அங்கதான் இருக்கும். ஜோடி ஜோடியா அலகை அலகோட தட்டி ஆடற ஆட்டத்தைப் பார்க்கணும்னு ஆசை. நான் போனதோ ஜூன். பறவைங்க அங்கதான் இருக்கும், கப்பல் போகாது. வருத்தம்தான். ஆனா நான் போகாத அந்த நாள்ல அந்தத் தீவு கொஞ்சம் மூச்சு விட்டிருக்கும்.

தினசரி வாழ்க்கை எப்படின்னா, ராத்திரி தூங்கும்போது கப்பல் அடுத்த தீவுக்குப் போகும். காலையில ஆறரைக்கு மணி அடிப்பாங்க. சாப்பிட்டு எட்டு மணிக்குள்ள தீவுல இறங்கணும். இறங்கறது ரெண்டு வகை. பாறையில கால் வெச்சு ஏறினா அது உலர் இறக்கம். முழங்கால் தண்ணியில குதிச்சுக் கரை ஏறினா அது ஈர இறக்கம். மதியம் கடல்ல முகமூடி மாட்டிக்கிட்டு நீச்சல், சாயங்காலம் மறுபடி நடை. சின்னக் கப்பல்ங்கிறதால ஆட்டம் அதிகம். வாந்தி வர்றவங்க படுக்கப் போறதுக்கு முன்னாடியே மாத்திரை போட்டுக்கணும், ஆட்டம் ஆரம்பிச்ச அப்புறம் போட்டு பிரயோஜனம் இல்ல.

பாதையை மறிச்ச பறவை

முதல் பெரிய தீவு ஹெனோவேசா. வடக்குக் கோடியில இருக்கு, யாரும் குடியில்ல. எரிமலை வாய் ஒரு பக்கம் உடைஞ்சு கடல் உள்ள புகுந்த இடம்தான் துறைமுகம் மாதிரி இருக்கு. அதாவது, கப்பல் எரிமலை வாய்க்குள்ளேயே நிக்குது! அதோட பேர் டார்வின் விரிகுடா. டார்வின் இந்தத் தீவுக்கு வந்ததே இல்லைங்கிறது வேற விஷயம்.

பாறையில செதுக்கின படியில ஏறி மேல போனா, சின்னச் சின்ன மரத்துல செங்கால் பூபி பறவைங்க. வாத்து மாதிரி விரல்களுக்கு நடுவுல தோல் இருக்கிற கால், நல்ல சிவப்பு. அந்தக் காலை வெச்சுக்கிட்டு மரக்கிளையைப் பிடிச்சு உட்காரும். பார்க்கவே சிரிப்பா இருக்கும்.

போற வழியில ஒத்தையடிப் பாதை நடுவுல ஒரு நாஸ்கா பூபி. வெள்ளை உடம்பு, முகத்துல கறுப்பு முகமூடி. எங்களுக்குச் சுத்திப் போக இடமில்ல, ரெண்டு பக்கமும் கூடு. வழிகாட்டி நின்னார். 16 பேரும் நின்னோம். அஞ்சு நிமிஷம். பத்து நிமிஷம். பின்னாடி ஒருத்தர் லேசா கைதட்டப் போனார். வழிகாட்டி திரும்பி, "வேணாம். கைதட்டினா பறந்துடும், எனக்குத் தெரியும். அடுத்த குழுவும் தட்டும். வருஷம் முழுக்கத் தட்டினா, இந்தத் தீவுல உங்களுக்குப் பார்க்க ஒண்ணும் இருக்காது" அப்படின்னார். அவர் சான் கிறிஸ்டோபல் தீவுலயே பிறந்து வளர்ந்தவர். கொஞ்ச நேரத்துல அந்தப் பறவை தானா எழுந்து, தள்ளாடித் தள்ளாடி கூட்டுக்குப் போச்சு. நாங்க நடந்தோம்.

அதே தீவுல ஒரு ஆந்தை. நம்ம ஊர்ல ஆந்தைன்னா ராத்திரிதான். இங்க அது பட்டப்பகல்ல எரிமலைப் பாறை இடுக்குல உட்கார்ந்து, பொந்துக்குள்ள போய் வர்ற சின்னக் கடற்பறவைகளைப் பிடிச்சுத் தின்னுது. பாறையும் பழுப்பு, ஆந்தையும் பழுப்பு. வழிகாட்டி காட்டின அப்புறமும் கண்டுபிடிக்க நேரம் ஆச்சு.

குளிர்ந்த கடலும் கறுப்புப் பாறையும்

அடுத்து மேற்கே ஃபெர்னாண்டினா. எலி, பூனை, ஆடுன்னு மனுஷன் கொண்டுவந்த பாலூட்டி எதுவுமே குடியேறாத தீவு. இவ்வளவு பெரிய தீவு அப்படி இருக்கிறது உலகத்துலயே ரொம்ப அபூர்வம்.

பூமத்திய ரேகைக்குப் பக்கத்துல பென்குயின் எப்படி வாழுதுன்னு கேப்பாங்க. பதில் இந்தப் பக்கத்துக் கடல்ல இருக்கு. பசிபிக் கடலுக்கு அடியில மேற்கிலிருந்து கிழக்கே ஓடி வர்ற குரோம்வெல் நீரோட்டம் இந்தத் தீவுகள்ல மோதி மேல எழும்புது. குளிர்ந்த தண்ணி, நிறைய சத்து, அதனால நிறைய மீன். நாங்க இறங்கினப்ப தண்ணி 20 டிகிரிக்குக் கிட்ட இருந்துச்சு. தடிமனான ரப்பர் உடுப்பு இல்லாம அரை மணி நேரம் தாங்காது.

கறுப்பு எரிமலைப் பாறை மேல நூத்துக்கணக்குல கடல் இகுவானா. நம்ம ஊர் உடும்பை நினைச்சுக்கோங்க, முதுகு பூரா முள்ளு வெச்சு, தட்டை மூக்கோட. ஒண்ணு மேல ஒண்ணு படுத்து வெயில் காயும். கடலுக்குள்ள முங்கிப் பாசி தின்ற பல்லி இனம் உலகத்துல இது ஒண்ணுதான். சாப்பாட்டோட உள்ள போற உப்பை மூக்கு வழியா பீச்சித் தள்ளும். கூட்டமா "ஃபுஸ், ஃபுஸ்"னு சத்தம் கேட்டுக்கிட்டே இருக்கும். எல் நீன்யோ வருஷங்கள்ல கடல் சூடாகி பாசி அழிஞ்சுபோகும். அப்போ இந்த இகுவானா என்ன பண்ணும் தெரியுமா? உடம்பு நீளத்தையே சுருக்கிக்கும், 20 சதவீதம் வரைக்கும். எடை குறையறது எல்லா மிருகத்துக்கும் நடக்கும். நீளமே குறைஞ்சு, சாப்பாடு கிடைச்சதும் மறுபடி வளர்றதை 2000-ல் ஒரு ஆய்வுல அளந்து காட்டினாங்க.

பக்கத்துலயே பறக்க முடியாத நீர்க்காகம். நம்ம குளத்து நீர்க்காகம் மாதிரியே ரெக்கையை விரிச்சுக் காயவெச்சுக்கிட்டு நிக்கும். ஆனா ரெக்கை கிழிஞ்ச விசிறி மாதிரி குட்டையா இருக்கும். துரத்தற எதிரியும் இல்ல, மீன் வீட்டு வாசல்லயே இருக்கு, எதுக்குப் பறக்கணும்? உலகத்துல இந்தத் தீவுலயும் எதிர்க்கரை இசபெலாவுலயும் மட்டும்தான் இருக்கு. கடல்லருந்து வர்ற ஒண்ணு, கூட்டுல இருக்கிற ஜோடிக்கு வாயில கொஞ்சம் கடற்பாசி கொண்டு வந்து கொடுத்துச்சு. அதை வாங்கி ஒழுங்கா கூட்டுல சொருகிக்கிச்சு அந்தப் பறவை.

இதே ஃபெர்னாண்டினாவுல 2019-ல் ஒரு பெண் ஆமை கிடைச்சுது. அந்தத் தீவோட ஆமை இனத்துல ஒண்ணை 1906-ல் பார்த்ததுதான் கடைசி. அழிஞ்சுபோச்சுன்னு முடிவு கட்டியிருந்தாங்க. மரபணு சோதனையில அதே இனம்னு 2021-ல் உறுதியாச்சு. ஃபெர்னாண்டான்னு பேர் வெச்சு, சான்டா குரூஸ்ல இருக்கிற இனப்பெருக்க மையத்துல வெச்சுப் பார்த்துக்கறாங்க.

தொடக்கூடாது, இரக்கத்துலகூட

அடுத்து சான்டியாகோ தீவு. 1835-ல் பீகிள் கப்பல் இங்க அஞ்சு வாரம் சுத்தினப்ப டார்வின் இறங்கின நாலு தீவுல இதுவும் ஒண்ணு. கடற்கரையில கடற்சிங்கங்கள் மூட்டை மாதிரிப் படுத்துக் கிடக்கும்.

அங்க ஒரு குட்டி எங்களைப் பார்த்து நேரா வந்துச்சு. விலா எலும்பு தெரியுது. எங்க கூட வந்த ஒரு வயசான அம்மாவோட ஷூவை மோந்து பார்த்து, பால் குடிக்கற மாதிரி சப்ப ஆரம்பிச்சுது. விதிப்படி அவங்க பின்னாடி நகர்ந்தாங்க. அது மறுபடி வந்துச்சு. தாயை சுறா பிடிச்சிருக்கலாம், இல்ல மீன் தேடிப் போன இடத்துல வேற ஏதாவது ஆகியிருக்கலாம். ஒரு கடற்சிங்கத் தாய் தன் குட்டிக்கு மட்டும்தான் பால் கொடுக்கும், வாசனையாலயும் குரலாலயும் அடையாளம் கண்டுபிடிக்கும். தாய் வராத குட்டிக்கு வேற போக்கு இல்ல.

அந்த அம்மா அழுதுட்டாங்க. "கப்பல்ல மீன் இருக்கே, பால் இருக்கே, ஏதாவது பண்ணலாமே"ன்னு கேட்டாங்க. வழிகாட்டி அமைதியா விளக்கினார். உடம்புல தூண்டில் முள், வலை, பிளாஸ்டிக்னு மனுஷனால வந்த காயம் ஏதாவது தெரிஞ்சா உடனே பூங்காவுக்குத் தகவல் சொல்வேன், அவங்க வந்து பார்ப்பாங்க. இது அப்படி இல்ல. இதுல நாம கை வைக்கக்கூடாது. நம்ம கை வாசனை ஒரு குட்டி மேல பட்டா, உயிரோட இருக்கிற தாயே அதைச் சேர்க்காமப் போகலாம். மனுஷன் கையில சாப்பாடு கிடைக்கும்னு ஒண்ணு பழகினா, அடுத்தடுத்து எல்லாம் பழகும்.

அன்னைக்கு ராத்திரி சாப்பாட்டு மேசையில யாரும் அதிகம் பேசல. எட்டு நாள்ல எனக்கு ரொம்பக் கஷ்டமான நேரம் அதுதான். பயமில்லாம ஒரு உயிர் நம்மகிட்ட வர்றது சந்தோஷம்னு நினைச்சுத்தான் எல்லாரும் போறோம். அது உதவி கேட்டு வந்தாலும் நகர்ந்துதான் நிக்கணும்னு யாரும் விளம்பரத்துல சொல்றதில்ல.

அந்தப் பயமின்மைக்குக் கொடுத்த விலை

இவ்வளவு கண்டிப்பு ஏன்னு புரியணும்னா கொஞ்சம் பழைய கதைக்குப் போகணும். அதுக்குப் பொருத்தமான இடம் ஃப்ளோரியானா தீவு. அங்க கடற்கரையில ஒரு மரப் பீப்பாய் இருக்கு. திமிங்கல வேட்டைக்கு வருஷக்கணக்கா வீட்டை விட்டு வந்த மாலுமிங்க கடிதத்தை அதுல போட்டுட்டுப் போவாங்க. ஊர் திரும்பற கப்பல் எடுத்துட்டுப் போய்ச் சேர்க்கும். இப்பவும் அந்தப் பழக்கம் இருக்கு. தபால்தலை கிடையாது, உங்க ஊர்ப் பக்கத்து முகவரி இருந்தா எடுத்துட்டுப் போய் நேர்ல கொடுக்கணும். எனக்கு பெங்களூரு முகவரி ஒண்ணு கிடைச்சுது. கொண்டு போய்க் கொடுத்தேன். கதவைத் திறந்தவர் முகத்தைப் பார்க்கணுமே!

அதே மாலுமிங்கதான் ஆமைகளை வாரிக்கிட்டுப் போனாங்க. ராட்சத ஆமை சாப்பாடு, தண்ணி இல்லாம ஒரு வருஷம்கூட உயிரோட இருக்கும். ஃப்ரிட்ஜ் இல்லாத காலத்துல மாலுமிக்கு இதைவிட என்ன வேணும்? உயிரோடவே கப்பல் அடித்தளத்துல அடுக்கி வெச்சு, வேணும்கிறப்ப வெட்டினாங்க. கடற்கொள்ளையர் காலத்துலருந்து கணக்குப் போட்டா ஒரு லட்சத்துக்கும் மேல போயிருக்கும்னு மதிப்பிடறாங்க. ஃப்ளோரியானாவோட சொந்த ஆமை இனம் 19-ஆம் நூற்றாண்டு நடுவுலயே முடிஞ்சுபோச்சு.

டார்வினே இந்தப் பயமின்மையைப் பத்தி எழுதியிருக்கார். துப்பாக்கி முனையால ஒரு பருந்தைக் கிளையிலருந்து தள்ளிவிட்டாராம். கிணத்தடியில ஒரு பையன் கையில குச்சியோட உட்கார்ந்து, தண்ணி குடிக்க வர்ற புறாவையும் குருவியையும் அடிச்சு அடிச்சுக் குவிச்சதைப் பார்த்திருக்கார். மனுஷனைக் கண்டு பயப்பட ஒரு தலைமுறை போதாது, அது மெதுவா பரம்பரையா வர்ற பாடம்னு அவருக்குத் தோணியிருக்கு. அந்தப் பாடத்தைப் படிக்கிறதுக்குள்ளயே பல உயிர்கள் தீர்ந்துபோச்சு.

மனுஷன் போன அப்புறமும் அவன் விட்டுட்டுப் போன ஆடு, எலி, பூனை வேலையைத் தொடர்ந்துச்சு. ஆடுங்க ஆமைக்குச் செடி மிச்சம் வைக்கல. பின்டா தீவுல ஒரே ஒரு ஆண் ஆமை மிஞ்சினது. உலகமே 'தனிமை ஜார்ஜ்'னு கூப்பிட்ட அது 2012 ஜூன் 24-ல் செத்துப்போச்சு, இனமும் முடிஞ்சுது. இசபெலாவோட வடபகுதியிலயும் சான்டியாகோவுலயும் 1997-லருந்து 2006 வரைக்கும் ஒரு லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேல ஆடுகளைச் சுட்டு ஒழிச்சாங்க. ஹெலிகாப்டர்லருந்து. கேட்கவே கஷ்டமா இருக்கும். ஆனா இன்னைக்கு அங்க ஆமைக்குச் செடி திரும்ப வந்திருக்கு.

நல்ல செய்தியும் ஒண்ணு சொல்றேன். எஸ்பான்யோலாவுல 1960-கள்ல மிஞ்சினது 14 ஆமைதான்: 12 பெண், 2 ஆண். அமெரிக்காவுல சான் டியாகோ உயிரியல் பூங்காவுல இருந்த டியேகோங்கிற ஆணையும் சேர்த்து 15. அதுங்களைப் பிடிச்சு வெச்சு இனம் பெருக்கி, ஏறக்குறைய 2,000 குட்டிகளைத் தீவுல விட்டாங்க. 2020 ஜூன்ல அந்த 15-ஐயும் தீவுக்கே திருப்பி அனுப்பிட்டாங்க. வேலை முடிஞ்சுது, ஓய்வு!

அப்போ நாம போகலாமா?

இந்தக் கேள்வியை நேயர்கள் சில பேர் முன்கூட்டியே அனுப்பியிருந்தீங்க. சுற்றுலாவே அந்த இடத்தைக் கெடுக்குதே, நீங்க ஏன் போனீங்கன்னு. தப்பில்லாத கேள்வி.

இப்போ வருஷத்துக்கு ஏறக்குறைய 3 லட்சம் பேர் போறாங்க. அதுல கப்பல்ல போறவங்க எண்ணிக்கை பெருசா ஏற முடியாது, இடம் இவ்வளவுதான்னு சட்டம் கட்டிப்போட்டிருக்கு. ஏறிக்கிட்டே போறது ஊர்ல ஹோட்டல் எடுத்துத் தங்கறவங்க எண்ணிக்கை. ஆள் கூடினா சாமான் கூடும், சாமான் கூடினா அதோட பூச்சியும் புழுவும் வரும். வெளியிலருந்து வந்த ஒரு ஈ, பறவைக் கூட்டுல முட்டையிடுது. அதோட புழு குஞ்சுகளோட ரத்தத்தைக் குடிக்குது. சதுப்புநில ஃபின்ச் குருவின்னு ஒரு இனம், இப்போ நூறு சொச்சம்தான் மிச்சம். அதுக்கு அந்த ஈ பெரிய எமன். 2023-ல் பறவைக் காய்ச்சல் வந்து சில இடங்களை மூடவே வேண்டியதாச்சு. 2007-ல் யுனெஸ்கோ இந்தத் தீவுகளை ஆபத்துல இருக்கிற பாரம்பரிய இடங்கள் பட்டியல்ல சேர்த்து, 2010-ல் எடுத்தாங்க. ஆபத்து அதோட போயிடல.

இன்னொரு பக்கம், பூங்காவைக் காக்கப் பணம் வேணும். வெளிநாட்டுப் பெரியவங்களுக்கு நுழைவுக் கட்டணம் 100 டாலரா இருந்ததை 2024 ஆகஸ்ட்ல 200 ஆக்கினாங்க. உள்ளூர்க்காரங்களுக்கு உயிரோட இருக்கிற ஆமைதான் வருமானம்ங்கிற நிலை இருக்கிற வரைக்கும் அந்த ஆமைக்குப் பாதுகாப்பு உண்டு. எங்க வழிகாட்டியோட அப்பா மீனவர். மகன் அதே கடலைக் காட்டிச் சம்பாதிக்கறார். அதனால என் பதில்: ஒரு தடவை போகலாம். விதி கண்டிப்பா இருக்கிற வழியில போகணும், விதியைக் குறைச்சுக் கேட்கிற ஆளா போகக்கூடாது.

போறவங்களுக்குச் சில குறிப்புகள். டிசம்பர்லருந்து மே வரைக்கும் கடல் வெதுவெதுப்பா, அமைதியா இருக்கும், நடுவுல மழை வரும். ஜூன்லருந்து நவம்பர் வரைக்கும் குளிர், மேகமூட்டம், கடல் ஆட்டம். ஆனா மீனும் பறவையும் அதிகம். பெரிய லென்ஸ் தேவையில்ல, 2 மீட்டர்ல நிக்கற பறவைக்கு போன் போதும். ட்ரோன் கொண்டு போகாதீங்க, அனுமதி இல்லாமப் பறக்கவிட முடியாது. கிளம்பறதுக்கு முன்னாடி ஷூவையும் பையோட மூலையையும் நல்லா கழுவுங்க, ஒரு விதை போதும். கப்பல் செலவு சில ஆயிரம் டாலர் வரும். முடியலேன்னா சான்டா குரூஸ்ல தங்கி, ஊர் மீன் சந்தைக்குப் போங்க. மீன் வெட்டற அக்கா பக்கத்துல ஒரு கடற்சிங்கமும் வரிசையா பெலிக்கன்களும் துண்டுக்குக் காத்துக்கிட்டு நிக்கும். அதுக்கு டிக்கெட் கிடையாது. அங்கேயும் 2 மீட்டர்தான், மறந்துடாதீங்க.

இந்த எபிசோட் பிடிச்சிருந்தா, பயணம் போகத் திட்டம் போடற நண்பர் யாருக்காவது அனுப்பி வையுங்க. கேள்விகள் இருந்தா எழுதுங்க, அடுத்த எபிசோட்ல பதில் சொல்றேன்.